விருது வாங்கின ஆல்பம், வித்துத் தீர்ந்த ஆல்பம், நல்ல ஆல்பம்

ராக் கேக்குற நாலு பேர் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தால், பத்தாவது நிமிஷம் ஒரு சண்டை ஆரம்பிக்கும். ஒருத்தர், "அந்த ஆல்பம் எத்தனை கிராமி வாங்கியிருக்கு தெரியுமா?" என்பார். இன்னொருத்தர், "எத்தனை கோடி காப்பி வித்திருக்கு, அதைச் சொல்லு" என்பார். மூணாவது ஆள், "வித்ததெல்லாம் குப்பை, விக்காததுதான் இசை" என்று ஒரே போடாகப் போடுவார். நாலாவது ஆள்தான் டீக்குக் காசு கொடுப்பார்.

இன்னைக்கு அந்தச் சண்டையைத்தான் பேசப் போறோம். விருதும் விற்பனையும் ஒரு ஆல்பத்தோட தரத்தைச் சொல்லுமா?

இந்த எபிசோடை அனுமந்தன்பட்டியிலிருந்து பேசுறேன். தேனியிலிருந்து கம்பம் போற ரோட்டில், உத்தமபாளையம் தாண்டினதும் வர்ற ஊர். ஊர் பேரைச் சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. இதே உத்தமபாளையம் தாலுகாவில்தான் பண்ணைப்புரம் இருக்கு. இளையராஜா பிறந்த ஊர். ராக் பேச்சில் இளையராஜா எங்கே வந்தார்னு நினைக்காதீங்க. விருதையும் விற்பனையையும் தரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் பார்க்க, தமிழில் அவரை விடப் பெரிய உதாரணம் கிடையாது. முதலில் வெளிநாட்டுக்குப் போயிட்டு அவர்கிட்ட வருவோம்.

நடுவர் காது

1989 கிராமி விழா. அந்த வருஷம்தான் ஹார்ட் ராக், மெட்டல் ரெண்டுக்கும் சேர்த்துப் புதுசா ஒரு பிரிவு ஆரம்பிச்சாங்க. போட்டியில் மெட்டாலிகா இருந்தாங்க, 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தோட. அந்த மேடையிலேயே 'ஒன்' பாட்டை வாசிச்சும் காட்டினாங்க. விருது யாருக்குப் போச்சு? ஜெத்ரோ டல்லுக்கு. புல்லாங்குழலை முன்னாடி வச்சுப் பாடுற, 60களின் கடைசியில் கிளம்பின பிரிட்டிஷ் இசைக்குழு. தங்களுக்குக் கிடைக்கும்னு அவங்களே நம்பாததால் விழாவுக்கே வரலை. அப்புறம் அவங்க கம்பெனி, புல்லாங்குழலும் ஹெவி மெட்டல் கருவிதான்னு கிண்டலா ஒரு விளம்பரம் கொடுத்தது. அடுத்த வருஷமே ஹார்ட் ராக்கையும் மெட்டலையும் தனித்தனிப் பிரிவாக்கினாங்க. அந்த 1990இல் மெட்டல் விருது மெட்டாலிகாவுக்கு, அதே 'ஒன்' பாட்டுக்கு.

இதில் ஜெத்ரோ டல் மோசமான குழுன்னு அர்த்தம் இல்லை. ஓட்டுப் போடுறவங்க ஆயிரக்கணக்கான இசைத்துறை ஆட்கள். எல்லாரும் மெட்டல் கேக்குறவங்க இல்லை. பட்டியலில் தெரிஞ்ச பேர் எதுன்னு பார்த்து ஓட்டுப் போட்டால் இப்படித்தான் முடியும். அந்த விருது, அந்த வருஷம் ஓட்டுப் போட்டவங்களோட காது எவ்வளவு தூரம் பழகியிருந்ததுன்னு சொல்லுது. அதைத் தாண்டி எதையும் சொல்லலை.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. அதுக்கப்புறம் பத்து, பன்னிரண்டு வருஷத்தில் தமிழ்ச் சினிமாப் பாட்டோட சத்தமே மாறிப்போச்சு. பேஸ் கிட்டார் பாட்டுக்குள்ள தனியா ஒரு கதை சொல்ல ஆரம்பிச்சது. வயலின் கூட்டம் ஒருபக்கம், டிரம்ஸ் ஒருபக்கம், நாட்டுப்புற மெட்டு நடுவில். அந்தக் காலத்தில் இளையராஜாவுக்குச் சிறந்த இசையமைப்பாளர்னு தேசிய விருது கிடைச்ச படங்கள் எது எதுன்னு பாருங்க: 1983க்கு 'சாகர சங்கமம்', 1985க்கு 'சிந்து பைரவி', 1988க்கு 'ருத்ர வீணை'. முதல் படம் ஒரு நடனக் கலைஞரோட கதை. ரெண்டாவது ஒரு கர்நாடக சங்கீதப் பாடகரோட கதை. மூணாவதும் சங்கீதக் குடும்பத்துக் கதைதான்.

மூணும் அருமையான இசை, அதில் சந்தேகம் இல்லை. ஆனா கவனிங்க, கதையிலேயே சாஸ்திரிய கலை இருக்கும்போதுதான் நடுவர்களுக்கு 'இது பெரிய இசை'ன்னு கேட்டிருக்கு. நடுவில் 1986இல் 'மௌன ராகம்', 1987இல் 'நாயகன்'. 'நாயகன்' படத்துக்கு நடிப்பு, ஒளிப்பதிவு, கலை இயக்கம்னு மூணு தேசிய விருது வந்தது. இசைக்கு இல்லை. இன்னைக்கு இந்தப் படங்களோட பின்னணி இசையை கிட்டாரில் வாசிச்சுப் போடாத இன்ஜினியரிங் காலேஜ் பசங்க யாராவது இருக்காங்களா?

அடுத்தது 1992ஆம் வருஷத்துக்கான தேசிய விருது. ஒரு பக்கம் 'தேவர் மகன்', இன்னொரு பக்கம் ஏ.ஆர். ரஹ்மானோட முதல் படம் 'ரோஜா'. நடுவர் குழுவில் ஓட்டு சமமாகப் பிரிஞ்சது. தலைவராக இருந்த பாலு மகேந்திரா தன் ஓட்டை 'ரோஜா'வுக்குப் போட்டார். பின்னாளில் மேடையிலேயே அதைச் சொன்னார். ரஹ்மானுக்கு முதல் தேசிய விருது அப்படித்தான் வந்தது. ஒரே ஒரு கை வேற பக்கம் தூக்கியிருந்தால் சரித்திரப் புத்தகத்தில் பேர் மாறியிருக்கும். ஆனா 'ரோஜா'வில் ஒரு ஸ்வரம் மாறியிருக்குமா? 'தேவர் மகன்'ல ஒரு தாளம் கூடியிருக்குமா? ரெண்டும் அப்படியேதான் இருந்திருக்கும்.

பிரிவு இல்லைன்னா விருது இல்லை

விருதுகளில் யாரும் பெரிசா பேசாத ஒரு விஷயம் இருக்கு. விருது கொடுக்கணும்னா முதலில் அதுக்கு ஒரு பிரிவு வேணும். கிராமியில் 'சிறந்த ராக் ஆல்பம்'னு ஒரு பிரிவு வந்ததே 1995இல்தான். ரோலிங் ஸ்டோன்ஸோட 'வூடூ லவுஞ்ச்' முதல் விருதை வாங்கியது. லெட் செப்பலின் நாலாவது ஆல்பமும், பிங்க் ஃபிளாய்டோட 'டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பமும் வந்த 70களில் அப்படி ஒரு பிரிவே கிடையாது. லெட் செப்பலின் சேர்ந்து வாசிச்ச காலம் முழுக்க ஒரு கிராமிகூட வாங்கலை. அவங்களுக்கு ராக் ஆல்பம் கிராமி கிடைச்சது 2014இல், ஒரு மறுசந்திப்புக் கச்சேரியோட பதிவுக்கு.

நம்ம நிலைமை இன்னும் மோசம். தேசிய விருதும் மாநில விருதும் திரைப்படத்துக்குத்தான். தமிழில் சினிமாவுக்கு வெளியே ஒரு ஆல்பம் போட்டீங்கன்னா, அதை நிறுத்திப் பார்க்க ஒரு தராசே கிடையாது.

1986இல் இளையராஜா 'ஹவ் டு நேம் இட்?' போட்டார். பாட்டு வரி கிடையாது, படம் கிடையாது, ஹீரோ கிடையாது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் பண்ணின ஆல்பம். எந்தத் திரைப்பட விருதும் அதைத் தொட முடியாது, ஏன்னா அது திரைப்படம் இல்லை. ஆனா அதே இசையை எடுத்து பாலு மகேந்திரா 'வீடு' படத்துக்குப் பின்னணியாக வச்சார். ஆமாம், அந்த ஓட்டுப் போட்ட அதே பாலு மகேந்திரா. 'வீடு' சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. அர்ச்சனா சிறந்த நடிகை ஆனார். ஒரு இயக்குநர் தன் படத்துக்கு எழுதப்படாத இசையை, இதுதான் வேணும்னு தேடி எடுத்துக்கிட்டார் இல்லையா? ஒரு கலைஞர் இன்னொரு கலைஞரோட வேலையை இப்படி எடுத்துக்கிறதை, தரத்துக்கான சாட்சியா நான் எந்தக் கோப்பைக்கும் மேலே வைப்பேன்.

யார் எண்ணினாங்க?

சரி, நடுவர் நாலு பேரை விடுங்க. விற்பனை மக்கள் தீர்ப்பு இல்லையா? இது நியாயமான கேள்வி. ஆனா நான் திருப்பிக் கேக்குறது, அதை யார் எண்ணினாங்க, எப்படி எண்ணினாங்க?

அமெரிக்காவில் 1991 வரைக்கும் பில்போர்டு ஆல்பம் பட்டியல், கடைக்காரங்க சொல்ற தகவலை வச்சுத்தான் தயாரானது. எது நல்லா போகுதுன்னு கேப்பாங்க, அவங்க சொல்வாங்க. அந்த வருஷம் மே மாசம் சவுண்ட்ஸ்கேன் வந்தது. கல்லாவில் பார்கோடு ஓடினால்தான் கணக்கு. சில வாரத்திலேயே பட்டியலோட முகம் மாறிப்போச்சு. ஜூன் மாசம் ராப் குழு என்.டபிள்யூ.ஏ. முதலிடம். அதே மாசம் ஹார்ட் ராக் குழு ஸ்கிட் ரோ முதலிடம். ஆகஸ்டில் மெட்டாலிகா நேரா முதலிடத்தில் வந்து உட்கார்ந்தாங்க. ஒரே வாரத்தில் அமெரிக்கா முழுக்க ரசனை மாறிடுச்சா? இல்லை. மெட்டலும் ராப்பும் வாங்கின பசங்க அதுக்கு முன்னாடியும் வாங்கிக்கிட்டுத்தான் இருந்தாங்க. கணக்கில்தான் வரலை.

'கோல்டு', 'பிளாட்டினம்' தட்டு மாட்டியிருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அதோட கணக்கு கம்பெனியிலிருந்து கடைக்கு அனுப்பின காப்பியிலிருந்து போடுறது. 2016இலிருந்து 1,500 ஸ்ட்ரீம் ஒரு ஆல்பத்துக்குச் சமம்னு அதிலேயே சேர்த்துட்டாங்க. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால் ஒரு ஸ்ட்ரீம். அப்படின்னா, ஜிம்மில் பின்னாடி ஓடிக்கிட்டிருந்த பாட்டும், ஒருத்தர் ராத்திரி விளக்கை அணைச்சுட்டுக் கேட்ட பாட்டும் ஒரே எண்.

நம்ம பக்கம் வந்தால் இன்னும் வேடிக்கை. கம்பம் பள்ளத்தாக்கில் கேசட் காலத்தில் பாட்டு எப்படி வந்ததுன்னு 20 வயசில் இருக்கிற உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ரெக்கார்டிங் சென்டர்னு கடை இருக்கும். ஒரு துண்டுச் சீட்டில் பிடிச்ச பாட்டை வரிசையா எழுதி, ஒரு வெறும் கேசட்டோட கொடுத்துட்டு வரணும். அறுபது நிமிஷக் கேசட்டா, தொண்ணூறா என்பதைப் பொறுத்து பாட்டு எண்ணிக்கை. ரெண்டு நாள் கழிச்சுப் போனால் ரெடியாக இருக்கும். எங்க வீட்டுக் கேசட்டில் பாதிக்கு மேல் கம்பெனி அட்டையே கிடையாது. பேனாவில் எழுதின அட்டைதான். அதுபோக பஸ்ஸில் ஓடும், டீக்கடையில் ஓடும், கல்யாண வீட்டு மைக் செட்டில் விடியற்காலை நாலு மணிக்கு ஊரையே எழுப்பும். கோயில் திருவிழான்னா மூணு நாளைக்கு நிக்காது.

இதில் ஒரு பைசாகூட எந்த விற்பனைக் கணக்கிலும் ஏறலை. ஒரு கிராமமே மனப்பாடமா வச்சிருக்கிற பாட்டு, ஏட்டில் சைபர். இது காப்பி அடிச்சதை நியாயப்படுத்துற பேச்சு இல்லை. இசைக் கலைஞருக்குப் போக வேண்டிய காசு போகலை, அது நஷ்டம்தான். நான் சொல்றது, விற்பனை எண் காசு மாறின இடத்தை மட்டும் எண்ணுது, கேட்ட இடத்தை எண்ணலை.

திராட்சை மண்டி

எங்க ஊர்க்காரங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, திராட்சையை எடுத்துக்கலாம். இந்தப் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைச்சது. சந்தோஷமான விஷயம். ஆனா அந்தக் குறியீடு ஊருக்குத்தான், ஒவ்வொரு குலைக்கும் இல்லை. இந்த வாரம் பறிச்ச குலை புளிச்சால், குறியீடு வந்து இனிப்பாக்காது. அதே மாதிரி மண்டியில் விலை ஏறுறதும் இறங்குறதும் பெரும்பாலும் வரத்தைப் பொறுத்தது. வேற ஊர்த் திராட்சை குவிஞ்ச அன்னைக்கு, நல்ல குலைக்கும் அடிமாட்டு விலைதான்.

விருது அந்தக் குறியீடு மாதிரி. விற்பனை மண்டி விலை மாதிரி. ரெண்டும் பொய் இல்லை. விவசாயிக்கு ரெண்டும் வாழ்வா சாவா பிரச்சினை. ஆனா திராட்சை எப்படி இருக்குன்னு தெரியணும்னா ஒண்ணை எடுத்து வாயில் போட்டாகணும்.

மூணாவது ஆளுக்கும் பதில் சொல்லணும்

இதுவரைக்கும் கேட்டுட்டு, டீக்கடை மூணாவது ஆள் சிரிச்சுக்கிட்டிருப்பார். "நான்தான் அப்பவே சொன்னேனே, வித்ததெல்லாம் குப்பை." இல்லை சார், அதுவும் தப்புக் கணக்குதான்.

அவர் கையில் ஒரு நல்ல உதாரணம் இருக்கு, ஒத்துக்கிறேன். 1967இல் வந்த வெல்வெட் அண்டர்கிரவுண்டோட முதல் ஆல்பம். வந்த காலத்தில் பில்போர்டில் 171ஆம் இடத்தைத் தாண்டலை. ஆனா அதை வாங்கின கொஞ்சப் பேரில் ஆளாளுக்கு ஒரு பேண்ட் ஆரம்பிச்சாங்கன்னு பிரையன் ஈனோ சொன்ன கதை ராக் உலகத்தில் பழமொழியாகவே ஆயிடுச்சு.

ஆனா இந்தப் பக்கம் பாருங்க. 'டார்க் சைட் ஆஃப் த மூன்' பில்போர்டு பட்டியலில் 700 வாரத்துக்கு மேலே இருந்தது. நிர்வாணாவோட 'நெவர்மைண்ட்' 1991 செப்டம்பரில் வந்தப்போ, அமெரிக்காவில் கம்பெனி முதலில் அனுப்பினது 46,000 காப்பி அளவுக்குத்தான். 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனோட 'டேஞ்சரஸ்' ஆல்பத்தை இறக்கிட்டு முதலிடத்துக்கு வந்தது. செப்டம்பரில் 46,000 காப்பியா இருந்தப்போ அது நல்ல ஆல்பம், ஜனவரியில் முதலிடம் வந்ததும் கெட்ட ஆல்பமா? பாட்டு அதேதானே! 'அன்னக்கிளி' ஊர் ஊரா ஓடினதால் அதோட இசை மட்டம் ஆயிடுமா?

விக்காததாலேயே ஒரு ஆல்பம் நல்லதுன்னு சொல்றவரும், வித்ததாலேயே நல்லதுன்னு சொல்றவரும் ஒரே வேலையைத்தான் செய்றாங்க. ரெண்டு பேரும் பாட்டைக் கேக்கலை. எண்ணைத்தான் பார்க்குறாங்க.

அப்போ எதுக்கு அதெல்லாம்?

விருதும் விற்பனையும் வேண்டாம்னு நான் சொல்லலை. ரெண்டுக்கும் உருப்படியான வேலை ஒண்ணு ஒண்ணு இருக்கு.

விருது ஒரு தடயத்தை விட்டுட்டுப் போகும். 1970, 71இல் ஒரு சிகரெட் கம்பெனி தன் விளம்பரத்துக்காக அகில இந்திய அளவில் 'சிம்லா பீட்' போட்டி நடத்தியது. அதில் வாசிச்ச பேண்டுகளை வச்சு ரெண்டு எல்.பி. ரெக்கார்டு போட்டாங்க. அந்தக் காலத்து இந்திய ராக் எப்படி இருந்ததுன்னு இன்னைக்கு நம்ம காதால் கேக்க முடியுதுன்னா, பெரும்பாலும் அந்த ரெண்டு தட்டால்தான். அந்தப் போட்டி சிறந்த பேண்டைக் கண்டுபிடிச்சதா என்பது வேற கேள்வி. ஆனா மைக்கைப் போட்டுப் பதிவு பண்ணி வச்சது. எத்தனையோ பேண்டுகள் ஒரு பாட்டுகூடப் பதிவாகாமல் காத்தோட போயிடுச்சு.

விற்பனையோட வேலை அடுத்த ஆல்பத்துக்குக் காசு கொடுக்குறது. ஸ்டுடியோ வாடகை, டிரம்மருக்குச் சம்பளம், வேன் டீசல். இது சின்ன விஷயம் இல்லை.

இங்கேதான் நமக்கு உண்மையான பிரச்சினை இருக்கு. 2024இலிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு கடந்த 12 மாசத்தில் 1,000 தடவை ஓடலைன்னா, அந்தப் பாட்டுக்கு ரெக்கார்டிங் ராயல்டியே கிடையாது. தமிழில் சொந்தமா பாட்டு எழுதி, ஹாஸ்டல் ரூமில் பதிவு பண்ணி ஏத்துற ஒரு பேண்டை யோசிச்சுப் பாருங்க. அவங்களுக்கு விருது இல்லை, ஏன்னா பிரிவு இல்லை. விற்பனை இல்லை, ஏன்னா கணக்கு ஆயிரத்துக்கு அப்புறம்தான் தொடங்குது. இந்த ரெண்டு அளவுகோலை மட்டும் நம்பினால் நாம என்ன முடிவுக்கு வருவோம்? தமிழ் ராக்னு ஒண்ணு இல்லவே இல்லைன்னு.

ஆனா இருக்கே! 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரி நடந்தது. பா. ரஞ்சித்தோட நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கின குழு. கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில். அன்னைக்கு அந்த மைதானத்தில் நின்னவங்க யாரும், இது எத்தனையாவது இடத்தில் இருக்குன்னு போனை எடுத்துப் பார்க்கலை. அதுவரைக்கும் கச்சேரி மேடையில் பேசப்படாத விஷயத்தை மேடையில் கேட்டாங்க. அதை எந்தப் பட்டியல் அளக்கும்?

அதனால் ஒரு ஆல்பத்தை எடைபோடும்போது நான் மூணு கேள்வி கேட்டுப் பார்ப்பேன். ஒண்ணு, பிளேலிஸ்ட் தானா கொண்டுவராமல், நானா தேடிப் போய் இதைத் திரும்பப் போட்டேனா? ரெண்டு, வேற இசைக் கலைஞர் யாராவது இதிலிருந்து எதையாவது எடுத்துக்கிட்டாங்களா, 'வீடு' படத்துக்கு பாலு மகேந்திரா எடுத்துக்கிட்ட மாதிரி? மூணு, ஆல்பத்தோட அட்டையையும் விருதையும் எண்ணையும் மறைச்சுட்டு, ஒண்ணும் தெரியாத ஒருத்தருக்குப் போட்டுக் காட்டினால், அவங்க நிமிர்ந்து பார்ப்பாங்களா? மூணுக்கும் பதில் 'ஆமா'ன்னா, அது கிராமி வாங்கினாலும் சரி, 400 ஸ்ட்ரீமில் கிடந்தாலும் சரி.

இந்த வாரம் ஒரு வேலை செய்ங்க. உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு தமிழ் பேண்டோட ஆல்பத்தை, அந்த எண்ணைப் பார்க்காமல், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் ஒரே மூச்சில் கேளுங்க. பிடிச்சிருந்தால் ரெண்டு பேருக்கு அனுப்புங்க. காசு கொடுத்து வாங்க வழி இருந்தால் வாங்குங்க. பிடிக்கலைன்னா, ஏன் பிடிக்கலைன்னு அவங்களுக்கே நாலு வரி எழுதிப் போடுங்க. 'சூப்பர் ப்ரோ'ன்னு வர்ற நூறு பதிலை விட, மூணாவது பாட்டில் டிரம்ஸ் ஏன் இடிக்குதுன்னு ஒருத்தர் எழுதினது அந்தப் பசங்களுக்கு அடுத்த ஆல்பத்துக்கு உதவும்.